குடுவைக்குப் போட்ட பூஜ்யம்

எங்கள் விளக்கு ஆலையில் அவரை எல்லாரும் மீட்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சோதனை அறை அவருடைய ராஜ்ஜியம். சுவரெல்லாம் கறுப்பு. நடுவில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பெரிய உருண்டை, அதன் உட்புறம் பால்வெள்ளை. விளக்கை அதற்குள் பொருத்தி எரியவிட்டால் எவ்வளவு வெளிச்சம் என்று மீட்டர் காட்டும். அக்கா அதைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பெட்டிகள் என் பிரிவுக்குப் பொட்டலம் கட்ட வரும். பதினெட்டு வருஷம் இப்படி. அதில் ஒரே ஒரு தாளில் பொய் எழுதினார். அதை மதியச் சாப்பாட்டு மேசையில் அவரே எனக்குச் சொன்னார்.

அக்காவின் கொழுந்தனுக்குக் கல்யாணமாகி ஓரகத்தி வந்து சேர்ந்தாள். வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை. கடல்மீனின் தோலில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளை உப்புநீர்க் குடுவையில் வளர்ப்பாள். இருட்டில் அவை நீலப்பச்சையாக ஒளிரும். மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், "எங்க சின்ன மருமக கரண்டே இல்லாம வெளிச்சம் வரவைக்கிறா" என்பார். பெரிய மருமகளைப் பற்றிக் கேட்டால், "அவ பல்பு கம்பெனிக்குப் போறா" என்று முடித்துவிடுவார்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒருநாள் சாப்பிடும்போது சின்னவளே, "உங்களுக்குக் கவலை இல்லக்கா, சுவிட்சைப் போட்டா எரியப் போகுது" என்று சிரித்தாள். அக்காவின் கணவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

"சுவிட்சைப் போட்டா எரியுமாம்!" மறுநாள் என்னிடம் பொரிந்து தள்ளினார் அக்கா. "பழைய குண்டு பல்புல முடி மாதிரி ஒரு கம்பி, அது இரும்பே உருகிப்போற அளவுக்குச் சூடாகி எரியுது. டியூப் லைட்ல பாதரச ஆவி கண்ணுக்குத் தெரியாத கதிரை விடுது, கண்ணாடிக்குள்ள பூசின பொடிதான் அதை வெளிச்சமா மாத்துது. இப்ப வர்ற எல்இடியில கம்பியும் இல்ல, ஆவியும் இல்ல, கடுகளவு சில்லு. மூணையும் தனித்தனியா அளக்கணும். இவ என்னடான்னா ஒரு குடுவையைக் கையில வெச்சுக்கிட்டு..." வயிறு எரிந்துகொண்டிருந்தது அவருக்கு.

அந்த நேரம் பார்த்துப் பல்கலைக்கழகத்தில் ஒளிக் கண்காட்சி ஒன்று ஏற்பாடானது. சூரியன், மின்னல், விறகுத் தீ, மெழுகுவர்த்தி, பல்பு வகைகள், கடைசியில் சின்னவளின் குடுவை. ஒவ்வொன்றுக்கும் கீழே ஓர் அளவு எழுத வேண்டும். அவர்களுடைய கருவி பழுதாகியிருந்தது. "பெரியவகிட்ட குடேன், அங்க மீட்டர் இருக்குல்ல" என்றார் மாமியார்.

சின்னவள் ஈரத்துணி சுற்றிய குடுவையைக் கொடுத்து, "அளக்கறதுக்கு முன்னாடி நல்லா குலுக்குங்கக்கா. காத்து கலந்தாத்தான் ஒளிரும். சும்மா வெச்சா அடங்கிடும்" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

அக்கா மதியம் வரை அதை அலமாரியில் அசையாமல் வைத்திருந்தார். பிறகு அறையை இருட்டாக்கி, குலுக்காமலே தூக்கி உருண்டைக்குள் வைத்தார். தூக்கிய அசைவில் திரவத்தின் மேல்விளிம்பில் மெல்லிய நீல வளையம் ஒன்று தோன்றி மறைந்தது. அதைக் கண்ணால் பார்த்தார். ஆளுயர விளக்குகளை அளக்கும் அந்த உருண்டைக்கு இவ்வளவு சன்ன வெளிச்சம் எட்டாது என்பதும் அவருக்குத் தெரியும். இயந்திரங்களில் மினுங்கும் சின்னச் சின்ன அறிவிப்பு விளக்குகளை அளக்கும் கறுப்புப் பெட்டி பக்கத்து மேசையிலேயே இருந்தது. அதைத் தொடவில்லை. தாளில் 'பூஜ்யம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அவ்வளவு சந்தோஷமா நான் எந்தத் தாள்லயும் கையெழுத்துப் போட்டதில்ல" என்றார் என்னிடம்.

ஆய்வுக்கூடத் தலைவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுக் குடுவையை எடுத்துவிட்டு மின்மினிப் படம் ஒன்றை மாட்டிவிடச் சொன்னார். சின்னவள் வீட்டுக்கு வந்து தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். "ஏம்மா, இத்தனை நாள் சும்மா மினுக்கினதுதானா?" என்று மாமியார் கேட்டபோது அக்காவுக்கு வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை.

அவள்மேல் பரிதாபம் வந்தது என்று நான் சொன்னால் அக்காவே ஒத்துக்கொள்ள மாட்டார். அவரை அரித்தது அந்தத் தாளின் நகல். கோப்பைத் திறக்கும்போதெல்லாம் முதல் பக்கத்தில் அது, அடியில் அவர் கையெழுத்து. மூன்று நாள் பார்த்தார். நான்காம் நாள் காலை சின்னவளிடம், "இன்னொரு குடுவை எடுத்துக்கிட்டு ஆலைக்கு வா" என்றார்.

"எதுக்கு? இன்னொரு பூஜ்யம் போடவா?"

"நீயே நின்னு பாரு."

வந்தாள். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று அக்கா என்னையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். கும்மிருட்டு. கண் பழகக் கால்மணி நேரம் ஆகும். அந்த இருட்டில்தான் அக்கா பேசினார்.

"போன தடவை நான் குலுக்கல. ஆனாலும் லேசா ஒளிர்ந்துது, பார்த்தேன். எழுதல."

"ஏன்?"

"வயித்தெரிச்சல். வேற என்னத்தச் சொல்ல?"

சின்னவளின் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. "மூணு நாள் அழுதேன்க்கா. என் கையில ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."

"பரவாயில்லை" என்று அவள் சொல்லவில்லை. அக்காவும் மன்னிப்புக் கேட்கவில்லை. சின்னவள் குடுவையைக் குலுக்கினாள். அடேயப்பா! உள்ளங்கை ரேகை தெரிகிற மாதிரி நீலப்பச்சை பொங்கி எழுந்தது. நான் வாயைப் பிளந்து நின்றேன். அக்கா குடுவையைத் தடவிப் பார்த்தார். சில்லென்று இருந்ததாம். "நான் அளந்த எதுவும் இப்படிக் குளிர்ந்து கெடந்ததில்ல" என்றார். அதைச் சொல்லும்போதும் குரலில் பொறாமைதான்.

கறுப்புப் பெட்டியில் வைத்து ஐந்து முறை அளந்தார். மெழுகுவர்த்தியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. ஆனால் பூஜ்யம் இல்லை. புதுத் தாளில் எண்ணை எழுதி, பழைய தாளின் நகலில் குறுக்கே 'தவறு என்னுடையது' என்று எழுதி, இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது சின்னவள் வாசலில் தயங்கி, "டியூப் லைட்டுக்குள்ள அந்தப் பொடி என்னக்கா?" என்று கேட்டாள். அக்கா அரைமணி நேரம் விளக்கம் சொன்னார். நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

புதுத் தாளைப் பார்த்த தலைவர் குடுவையை மறுபடி வைக்கச் சொன்னார். கண்காட்சியில் அதன் முன்னால்தான் கூட்டம். மாமியார் பக்கத்திலேயே நின்று வருவோர் போவோரிடம் பெருமை பேசினார். பழைய தாள் விஷயத்தைச் சின்னவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அது அக்காவுக்கு இன்னும் எரிச்சல். "சொல்லித் தொலைச்சிருந்தா சண்டை போட்டிருக்கலாம். இப்ப நல்லவங்கிற பேரும் அவளுக்கே."

இரண்டு பேருக்கும் ஒட்டுறவு வந்துவிட்டதா என்றால், இல்லை. ஆனால் புதிதாக எதை வளர்த்தாலும் சின்னவள் அக்காவிடம்தான் அளக்கக் கொண்டுவருகிறாள். அக்கா உள்ளே வெறுமனே உட்கார்ந்துகொண்டு, அவளை வெளி பெஞ்சில் பத்து நிமிஷம் காக்க வைக்கிறார். அப்புறம்தான் கதவைத் திறக்கிறார்.