ரேடியோவும் சத்தமில்லாத மேசையும்

அந்தத் தெருவில் ரேடியோ என்றால் அது சலூன்காரரைத்தான் குறிக்கும். காலையில் கடையின் ஷட்டரைத் தூக்கும்போதே பேச்சையும் தூக்கிவிடுவார். வெள்ளைத் துணியைக் கழுத்தில் கட்டிய நிமிடம் தொடங்கினால், பின்னந்தலையைக் கண்ணாடியில் காட்டும் வரை ஓயமாட்டார். நாட்டு நடப்பு, வீட்டு நடப்பு, அடுத்த தெரு நடப்பு எல்லாம் வரும். நாற்காலியில் இருப்பவர் மறுத்துத் தலையாட்டவும் முடியாது. ஆட்டினால் காது போய்விடும். அதனால் வாழ்நாளில் தன் கருத்துக்கு எதிர்ப்பே வந்ததில்லை என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட மனிதரின் மனைவிக்குக் காது மந்தம். கிண்டலுக்குக் கேட்க வேண்டுமா? "அந்தம்மா தப்பிச்சாங்க, நாங்க மாட்டிக்கிட்டோம்" என்பார்கள் வாடிக்கையாளர்கள். ரேடியோவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்று தைக்கும். அவருக்கு வந்த கோபத்துக்கு அப்படிச் சொன்ன ஆளின் கிருதாவை ஒரு பக்கம் ஏற்றி, மறுபக்கம் இறக்கி அனுப்பியிருக்கலாம். தொழில் பாழாகுமே என்று பொறுத்துக்கொள்வார்.

மனைவி அச்சகத்தில் வேலை பார்த்தாள். அச்சான தாள்களை மடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் முப்பது வருடம் நின்றாள். அந்த இயந்திரம் போடும் இரைச்சலில் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அது அவள் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. அதற்கு முன்னால் அவள் பேசிக் கேட்டிருக்க வேண்டும். மேலாளர் மூக்கால் பேசுவதையும், மேற்பார்வையாளர் கொட்டாவிக்கு நடுவே திட்டுவதையும் அப்படியே செய்து காட்டுவாள். ரேடியோவை வாயடைத்து உட்கார வைத்த ஒரே பிறவி அவள்தான். இப்போது காதில் கருவி உண்டு. வீட்டுக்குள், எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் எல்லாம் கேட்கும். ஆனால் நாலு பேர் கூடும் இடம் என்றால் வினைதான். தட்டுச் சத்தம், நாற்காலிச் சத்தம், பாட்டுச் சத்தம் எல்லாவற்றையும் அந்தக் கருவி ஒன்றுபோலப் பெரிதாக்கி மண்டைக்குள் கொட்டும். தாங்க முடியாமல் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிடுவாள். அப்புறம் யார் என்ன சொன்னாலும் ஒரு சிரிப்பு, ஒரு தலையசைப்பு. ரேடியோ அந்தச் சிரிப்பைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

மகன் கல்யாண விருந்தில் அந்தச் சிரிப்பே வினையானது. மருமகளின் அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தங்கையைப் பறிகொடுத்த துக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். இவள் முகம் மலரத் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். அந்த அத்தை சட்டென்று எழுந்து வேறு மேசைக்குப் போய்விட்டார். விஷயம் தெரிந்தபிறகு இவள் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அன்றோடு சரி. எந்த விருந்துக்குக் கூப்பிட்டாலும், "நீங்க போயிட்டு வாங்க" என்ற ஒரே பதில்தான்.

இந்த மாதக் கடைசியில் அவளுக்கு ஓய்வு. பிள்ளைகள் பெரிதாக ஒரு விருந்து வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். மகள் ஓர் உயரமான ஹோட்டலின் மொட்டை மாடியைச் சொன்னாள். அங்கிருந்து பார்த்தால் ஊரே விளக்காகத் தெரியுமாம். மகன் ஆற்றங்கரை ரெஸ்டாரன்டைச் சொன்னான். அங்கே தினமும் மேடையில் பாட்டு. இருவரும் அம்மாவைக் கேட்டார்கள்.

"எனக்கு எதுக்கு அதெல்லாம்? நீங்க போயிட்டு வாங்க."

"அம்மா, விருந்தே உனக்குத்தாம்மா!"

"அதான் சொல்றேன். என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டுட்டு வாங்க."

அதைச் சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். ரேடியோ அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஆயுசு முழுக்க உழைத்ததற்கு ஒரு விருந்து, அதில் அவள் நாற்காலி மட்டும் காலியாக இருப்பதா? அவருக்கு மனசு ஆறவில்லை. "இடத்தை நான் பாத்துக்கறேன்" என்றார்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "டீக்கடை பெஞ்சுல உக்கார வச்சிராதீங்கப்பா" என்றான் மகன்.

மறுநாளிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் விசாரணை. பெரிய இடங்களைப் பற்றிப் பேச ஆளுக்கு ஒரு கதை இருந்தது. ஒருவர் மீனைப் புகழ்ந்தார். இன்னொருவர் ஐஸ்கிரீமுக்கு உயிரையே கொடுக்கலாம் என்றார். வீட்டுத் தரகர் மேசை விரிப்பின் நூல் தரம் வரைக்கும் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ரேடியோ ஒரே கேள்வி கேட்டார். "அங்க பேசினா கேக்குமா?"

"பேசுறதுக்கா அங்க போறோம்?" என்றார் தரகர்.

சரி, நாமே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். துணைக்கு மச்சானைச் சேர்த்துக்கொண்டார். மச்சான் என்றால் மனைவியின் தம்பி, டாக்ஸி ஓட்டுபவன். அக்கா என்றால் உயிர், ஓசிச் சாப்பாடு என்றால் அதற்கும் மேலே. திட்டம் எளிதானது. சலூனில் பஞ்சுக்கா பஞ்சம்? மனைவி உட்காரப்போகும் இடத்தில் ரேடியோ இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்காருவார். மச்சான் எதிரே உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுவான். பஞ்சைத் தாண்டிப் பேச்சு புரிந்தால் அந்த இடம் தேறியது. எவ்வளவு பஞ்சு வைத்தால் மனைவியின் காதுக்குச் சமம் என்று யாருக்கும் தெரியாது. கடையில் இருவரும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, குத்துமதிப்பாக ஒரு உருண்டையை முடிவு செய்தார்கள்.

முதல் இடம் கண்ணாடியும் பளிங்குமாக ஜொலித்தது. சாயங்காலம் நாலு மணிக்குப் போனார்கள். ஈ காக்கை இல்லை. மச்சான் பேசியது அட்சரம் பிசகாமல் கேட்டது. ரேடியோவுக்கு ஒரே சந்தோஷம். "முடிஞ்சுது வேலை. மேசைக்குச் சொல்லிடலாம்."

"மாமா, நாலு மணிக்கு எங்க டாக்ஸி ஸ்டாண்டுகூட அமைதியாத்தான் இருக்கும்" என்றான் மச்சான்.

அதுவும் நியாயம்தான். அடுத்த நாள் சாப்பாட்டு வேளைக்கே போனார்கள். கூட்டம் தேனீக்கூடு மாதிரி மொய்த்தது. பளிங்கில் பட்ட சத்தமெல்லாம் திரும்பி வந்து மேசைமேலேயே விழுந்தது. மச்சான் வாய் அசைந்தது, அவ்வளவுதான். காதில் பஞ்சு இருந்தால் தன் குரல் எவ்வளவு உயரத்தில் போகிறது என்று தெரியாது. ரேடியோ ஒரு கரண்டி சூப்பை வாயில் வைத்துவிட்டு, ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "வெந்நீருக்குப் பேரு வச்சிருக்கானுங்க!" என்றார். அத்தனை மேசையும் திரும்பிப் பார்த்தது. இரண்டு பேரும் தண்ணீரைக்கூட முடிக்காமல் வெளியே வந்தார்கள்.

இப்படியே ஒவ்வொரு இடமாக அலைந்தார்கள். ஓர் இடத்தில் வயலின்காரர் மேசை மேசையாக வந்து வாசித்தார். போகச் சொன்னால் மரியாதையில்லை, வாசிக்க விட்டால் பேச்சில்லை. இன்னோர் இடத்தில் சமையலறைக்குச் சுவரே கிடையாது. வாணலி தட்டுவதைக் காட்டுவதுதான் இப்போது நாகரிகமாம். வீட்டுக்குப் போனால் ரேடியோவுக்குப் பசி இருக்காது. மனைவி அவர் சட்டையை மோந்து பார்த்தாள். "வெண்ணெய் வாசனை வருது. யாரு வாங்கிக் குடுத்தா?"

"ஒரு வாடிக்கையாளர்" என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. ரேடியோ வாய் மூடியிருப்பதே சந்தேகம்தானே. அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

மகன் சொன்ன ஆற்றங்கரை இடத்துக்கும் போனார்கள். மேடையில் பாட்டு உச்சத்தில் இருந்தது. மச்சான் ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ரேடியோவுக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பத் திரும்ப "என்ன? என்ன?" என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. தலையாட்டிவைத்தார். எதிர்ச் சுவரில் பெரிய கண்ணாடி. தொழில் பழக்கத்தில் அதைப் பார்த்தார். அதில் ஓர் ஆள் காதில் பஞ்சோடு, ஒன்றும் புரியாமல், முகமெல்லாம் மலரச் சிரித்துக்கொண்டிருந்தான். அதே சிரிப்பு. அந்த இடத்தில் அத்தனை பேருக்கு நடுவில் தான் எவ்வளவு தனியாக இருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு இது எத்தனை வருடமாக! பஞ்சைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "போலாம் மச்சான்" என்றார்.

கடைசியில் இடத்தைக் கண்டுபிடித்தது மச்சான்தான். ஒரு பயணியை இறக்கப்போன இடத்தில் பார்த்தானாம். பழைய ஹோட்டல், முதல் மாடியில் சாப்பாட்டு அறை. ஒரு காலத்தில் ஊரின் பெரிய மனிதர்கள் எல்லாம் அங்கேதான் சாப்பிட்டார்களாம். இப்போது நாகரிகம் வேறு பக்கம் போய்விட்டது. தரையில் கால் புதையும் கம்பளம். ஜன்னலுக்கு ஜன்னல் கனமான வெல்வெட் திரை. மேசைக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு கட்டில் போடலாம். நரைத்த மீசையோடு ஒரு வெயிட்டர் பூனைபோல் நடந்து வந்தார். ரேடியோ மூலை மேசையில் சுவரோரமாக உட்கார்ந்து பஞ்சை அடைத்துக்கொண்டார். நல்ல சாப்பாட்டு வேளை. அக்கம்பக்கத்து மேசைகளில் ஆட்களும் இருந்தார்கள்.

மச்சான் பேச்சை மாற்றி மாற்றிச் சொல்லிச் சலித்துப்போயிருந்தான். இவருக்கு எங்கே கேட்கப்போகிறது என்ற தைரியத்தில் முணுமுணுத்தான். "மாமா, நீங்க வெட்டுற முடி எனக்குப் பிடிக்கவே மாட்டேங்குது. ரொம்ப நாளா வேற கடைக்குத்தான் போறேன்."

"எந்தக் கடைக்கு?" என்றார் ரேடியோ.

மச்சான் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. ரேடியோவோ எழுந்து அவனைக் கட்டிக்கொண்டார். வேறு கடைக்குப் போனதற்காக ஒருவனைக் கட்டிக்கொண்ட சலூன்காரர் அவராகத்தான் இருப்பார். வெயிட்டர் தட்டோடு தள்ளி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவியைச் சம்மதிக்க வைப்பது அதைவிடப் பெரிய பாடு. "கொஞ்ச நேரம் வந்து உக்காரு. பிடிக்கலைன்னா உன் தம்பி வண்டி வாசல்லயே நிக்கும். உடனே கிளம்பிடலாம்." பிள்ளைகளின் முகத்துக்காக அவள் வந்தாள். விசேஷத்துக்கென்று வைத்திருந்த நீல உடுப்பைப் போட்டுக்கொண்டாள். ஆனால் கைப்பையை மடியிலேயே, கொக்கி மேலாக, வைத்துக்கொண்டாள். கருவியைக் கழற்றிப் போட வசதியாக. ரேடியோ அதைக் கவனித்தார். சூப் வந்தது, ரொட்டி வந்தது, மீன் வந்தது. அவர் கண் அந்தக் கொக்கியை விட்டு நகரவில்லை.

பிள்ளைகளுக்கு இடம் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மகள் திரையைப் பார்த்தாள், கம்பளத்தைப் பார்த்தாள். மேசையின் அந்தக் கோடியில் மகன் தன் மனைவி பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல், "பழைய சினிமா தியேட்டருக்குள்ள வந்து உக்காந்த மாதிரி இருக்கு" என்றான்.

இந்தக் கோடியில் அம்மா மீனிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "பழைய தியேட்டர்தான். ஆனா வசனம் நல்லா கேக்குது" என்றாள்.

மகன் கரண்டியைக் கீழே வைத்தான். "அம்மா, உனக்குக் கேட்டுச்சா?"

"நீ சின்ன வயசுலேருந்தே ரகசியம் பேசத் தெரியாதவன்" என்றாள் அவள். மருமகள் வாய்விட்டுச் சிரித்தாள். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதன்பிறகு பேச்சு தானாகக் கிளம்பியது. அம்மா கடைசி நாள் வேலையைச் சொன்னாள். மேலாளர் வழியனுப்புப் பேச்சுக்கு நடுவில் மூக்கைச் சீந்தியதை அப்படியே செய்து காட்டினாள். நடித்துக் காட்டக் கையைத் தூக்கியபோது கைப்பை மடியிலிருந்து நழுவிக் கம்பளத்தில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

ரேடியோ வாயைத் திறக்கவே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

தட்டுகளை எடுக்க வந்த நரைத்த மீசைக்காரர் அவரை அடையாளம் கண்டுகொண்டு, காதோரம் குனிந்து மிக மெதுவாகக் கேட்டார். "இன்னிக்குப் பஞ்சு வேண்டாமா சார்?"

"என்ன பஞ்சு?" என்றாள் மனைவி.

ரேடியோ சமாளிக்கப் பார்த்தார். மேசையில் கூடவே உட்கார்ந்திருந்த மச்சானுக்கு அடக்கிவைத்துப் பழக்கமில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். சலூன் பஞ்சு, வெந்நீர் சூப், வயலின்காரர், ஆற்றங்கரையில் மாமா பஞ்சைப் பிடுங்கிவிட்டு எழுந்து வந்தது. வேறு கடையில் முடி வெட்டிக்கொள்வதைத் தவிர ஒன்றும் விடவில்லை. பிள்ளைகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அவள் மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள். "நாள் பூரா ஊருக்கே பேசுற மனுஷன், இதை மட்டும் எங்கிட்ட சொல்லலையே" என்றாள்.

"சொன்னா வேண்டாம்னு சொல்லியிருப்பே."

"ஆமா, சொல்லியிருப்பேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தம்பி சொன்னது போதாது. நீங்க சொல்லுங்க. முதல் இடத்துலேருந்து. எதையும் விடாம."

ரேடியோ தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். கழுத்தில் வெள்ளைத் துணி கட்டாத அவள் நடுநடுவே மறுத்துத் தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.