மூன்று பாகை

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேசன் அண்ணையின் மனைவி வசந்தி அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார். இந்த ஆண்டு முழுவதும் ஊர்ச் சண்டையிலிருந்து வந்த சாவுச் செய்திகளால் தொலைபேசி அடித்தாலே எடுக்கத் தயங்குவோம். ஆனால் இங்கே லண்டன் ஹவுன்ஸ்லோவில், நாலு தெரு தள்ளியிருந்து இப்படியொரு செய்தி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. "சேகர், இவர் ஷிப்டுக்கு வெளிக்கிட்டவர். சப்பாத்துப் போடக் குனிஞ்சவர், எழும்பேல்லை" என்றார். நேசன் அண்ணைக்கு ஐம்பத்து நாலு வயது.

சொன்ன இடமெல்லாம் ஒரே கேள்விதான்: "மலையிலையோ?" அவரை அறிந்த உங்களில் பலரும் அப்படித்தான் கேட்டீர்கள். இல்லை, மாரடைப்பு. மலை அவரை ஒன்றும் செய்யவில்லை.

லண்டனுக்கு வருமுன் பதினொரு வருடம் சுவிஸில், மலையடிவார ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவியவர். மத்தியான ஓய்வில், ஆட்களை மலைக்கு ஏற்றும் லிஃப்டை ஓட்டுகிறவனிடம் பழைய சறுக்குக் கட்டைகளை இரவல் வாங்கிப் பனிச்சறுக்குப் பழகியிருக்கிறார். இங்கே விமான நிலையச் சரக்குப் பகுதியில் எங்களோடு வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே என்னையும் ரவியையும் குகனையும் பிடித்துவிட்டார். அதன்பிறகு மாரிதோறும், பனி விழும் காலத்தில், ஒரு கிழமை லீவு போட்டு நாலு பேரும் சுவிஸ் மலைக்குப் போனோம். "சண்டைக்குள்ள தப்பி வந்த ஆக்கள், இப்ப லீவு எடுத்துக்கொண்டு போய் விழப்போறியளோ?" என்று என் மனைவி கேட்பாள். "ஓம் பிள்ளை, விழுறதையும் ஒழுங்காப் பழகவேணும்" என்பார் அவர்.

ஆள் வேகப் பைத்தியம். நல்ல பனியில் இறங்கும்போது பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரிக் கத்திக்கொண்டு போவார். சுவிஸில் இருந்த காலத்தில் ஒருநாள், அவர் இறங்கி முடித்த கையோடு அந்தச் சரிவின் பனி முழுவதும் பிய்ந்து விழுந்ததாம். "தப்பினது கெட்டித்தனம் இல்லை, ஐசே. மலைக்கு அண்டைக்கு வேற வேலை இருந்தது" என்று சிரிப்பார்.

கணக்குத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். மடிக்கணினியில் ஒரு தாள் செய்து வைத்திருந்தார். பனி பிய்ந்து விழும் எச்சரிக்கை அன்று எத்தனையாம் படி, சரிவு எத்தனை பாகை, எந்தத் திசையைப் பார்த்தது, எத்தனை பேர் போகிறோம் என்று போட்டால் கடைசிக் கட்டம் பச்சையாகும், அல்லது சிவப்பாகும். சிவப்பென்றால் வேறு வழி தேட வேண்டியதுதான், வாக்குவாதம் கிடையாது. பயந்தாங்கொள்ளிக் கணக்கு என்று நான் நக்கலடித்தபோது, "பயம் இருக்கிற ஆளுக்கு இது தேவையில்லை. எனக்கு இருக்கிற பயம் காணாது, அதாலதான் கணக்கு" என்றார்.

இனிச் சொல்லப்போவதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. நாலு வருடத்துக்கு முன், மூன்று நாள் விடாமல் பனி கொட்டி வானம் வெளித்த மாலை. நாங்கள் தங்கியிருந்த வீட்டு ஜன்னலுக்கு நேரே ஒரு சரிவு, யாரும் சறுக்கிய கோடு ஒன்றுகூட விழாமல் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. வரைபடத்தைப் பார்த்து முப்பத்தேழு பாகை என்று போட்டார் அண்ணை. சிவப்பு. அவர் தேத்தண்ணி ஊற்றப் போன இடைவெளியில் நான் முப்பத்து நாலு என்று மாற்றினேன். பச்சை. "அண்ணை, நீங்கள் பிழையாய்ப் பாத்திட்டியள், இஞ்ச பாருங்கோ" என்றேன். அவர் திரையைப் பார்த்தார். "அப்ப விடிய ஏறுவம்" என்றார்.

இரண்டு மணி நேரம் ஏறினோம். சரிவின் விளிம்பில் நின்று, கைத்தடியைப் பனியில் கிடத்தி, சட்டைப்பையிலிருந்த பாகைமானியை அதன்மேல் வைத்துப் பார்த்தார். முப்பத்தேழு. எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்தார். நான் காலணிப் பட்டியை இறுக்குவது போலக் குனிந்துகொண்டேன். "வந்த வழியால போவம்" என்றார், அவ்வளவுதான். நாங்கள் திரும்பும்போது ஐந்து வெள்ளைப் பெடியங்கள் வந்து, எங்கள் கண்முன்னே அந்தச் சரிவில் கூவிக்கொண்டு இறங்கிப் போனார்கள். எனக்கு வெட்கமும் கோபமும் பற்றிக்கொண்டு வந்தது.

"பாத்தீங்களோ அண்ணை, ஒண்டும் நடக்கேல்லை!"

"ஓம், நடக்கேல்லை" என்றார் அமைதியாக. "அதுதான் பிழை. நாளைக்கும் வருவாங்கள்."

யார் மாற்றியது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதன்பிறகு கணினியைத் தன் மடியிலேயே வைத்துத் தட்டுவார், முடிவை மட்டும் எங்களுக்குச் சொல்லுவார். கணக்கு எங்களைச் சற்று இலேசான சரிவுகளுக்கே அனுப்பத் தொடங்கியது. அண்ணைக்கு வயது போட்டுது என்று நான் கிண்டலடித்தேன். "ஓம், போட்டுதுதான்" என்று அதையும் ஒத்துக்கொண்டார். ஒவ்வொரு வருடமும் விமானத்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, இந்த முறை சொல்லிவிடவேண்டும் என்று நினைப்பேன். இறங்கும்வரை வேறு எதையாவது கதைத்துக்கொண்டிருப்பேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த அன்று வசந்தி அக்கா கணினியைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். "உங்களிட்டைக் குடுக்கச் சொல்லி முந்தியே சொன்னவர்." வீட்டுக்கு வந்து தாளைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த நாலு வரிகளுக்குக் கீழே ஐந்தாவதாக ஒரு வரி இருந்தது: 'ஆசை – சரிவோடு கூட்டவேண்டிய பாகை.' அதில் எங்கள் பெயர்கள். ரவி, ஒன்று. குகன், ஒன்று. சேகர், மூன்று. நான் களவாகக் குறைத்த அதே மூன்று. பக்கத்தில் இருந்த திகதி, நாங்கள் அந்த விளிம்பிலிருந்து திரும்பிய நாள். இவ்வளவு தெரிந்தும் அந்த மனிதர் என்னை ஒரு மாரிகூட விட்டுவிட்டுப் போகவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

எல்லாருக்கும் மேலே முதலாவதாக அவருடைய பெயர் இருந்தது. நேசன், நாலு.

இந்த மாரியிலும் போகிறோம். அந்தத் தாள் இனி என்னிடம் இருக்கும். என் மூன்றை நானே என் கையால் போடுவேன். அவருடைய நாலையும் அழிக்கமாட்டேன். மலையில் மூன்று பேர் நிற்போம், கணக்கில் நாலு பேர்.