செருப்பக்காவும் ஏழு முள்ளும்

அந்தத் தீவில் மொத்தமே ஒரு மருத்துவ நிலையம், அதில் ஒரே நர்ஸ். இரண்டு வருஷ வேலைக்கென்று வந்தவள், படகோட்டியைக் கட்டிக்கொண்டு பதினோரு வருஷமாக அங்கேயே தங்கிவிட்டாள். விடுமுறைக்கு வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பேர் செருப்பக்கா. கேட்டால் யாரையோ அடித்துப் பேர் வாங்கியவள் போலத் தோன்றும். அவள் அடித்ததெல்லாம் கொசுவைத்தான்.

காலைப் படகு வந்ததும் துறைக்குப் போய், இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்க்கும் முன்னால் காலைத்தான் பார்ப்பாள். பாறைப் பக்கம் வெறுங்காலோடு போகாதீர்கள், தொப்பி போடுங்கள், தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடிப்பாள். பாதிப் பேர் தலையாட்டுவார்கள். மீதிப் பேர் கடலைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். படகிலேயே இதைச் சொல்லிவிடும்படி கணவனிடம் கேட்டுப் பார்த்தாள். அவன் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு, சொல்லியாகிவிட்டது என்பான்.

ஒருநாள் எலும்பு டாக்டர் ஒருவர் மனைவியோடு வந்திறங்கினார். செருப்பக்கா வழக்கம்போல ஆரம்பித்ததும் அவர் சிரித்தார்.

"நான் முப்பது வருஷமா டாக்டரா இருக்கேன்மா. என் காலை நான் பாத்துக்கறேன்."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கி நடந்தார்.

பத்து மணிக்கெல்லாம் இரண்டு மீனவர்கள் அவரைத் தூக்கி வந்து கட்டிலில் கிடத்தினார்கள். பாறை இடுக்கில் கிடக்கும் முள்ளுருண்டை என்ற கடல் பிராணியை மிதித்திருந்தார். உள்ளங்காலில் ஏழு முள். வலியில் முனகிக்கொண்டே என்ன மருந்து, எத்தனை மில்லி என்று உத்தரவு போட்டார். அவள் எல்லாவற்றுக்கும் சரி சார் சொல்லிக்கொண்டே வாளியில் வெந்நீர் கலந்தாள். சூடு பொறுக்குமா என்று தன் கையை விட்டுப் பார்த்து, அவர் காலை அதில் வைத்தாள். இப்படி ஒரு வைத்தியத்தை நான் எங்கும் பார்த்ததில்லை என்றார் அவர். அரை மணி நேரத்தில் முனகல் நின்றது. இடுக்கியால் ஒவ்வொரு முள்ளாக எடுக்கத் தொடங்கினாள்.

கட்டிலருகே நின்றிருந்த மனைவி மெல்லச் சொன்னாள்: "வீட்ல யார் பேச்சும் கேக்க மாட்டாரு. நீங்க அவசரப்படாம நிதானமாவே எடுங்க."

கடைசியில் டெட்டனஸ் ஊசி. முப்பது வருஷ டாக்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். செருப்பக்கா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது.

மறுநாள் அவள் துறைக்குப் போனபோது, டாக்டர் நாற்காலி போட்டு, கட்டுப்போட்ட காலை ஒரு ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். இறங்கிய ஒவ்வொருவரையும் நிறுத்தி, கட்டைக் காட்டி, ஏழு முள்ளின் கதையைச் சொன்னார். மத்தியானம் அது ஒன்பது முள்ளாகிவிட்டது. கேட்டவர்கள் குனிந்து செருப்பு வாரை இறுக்கிக்கொண்டார்கள்.

அந்த வாரம் ஒருவர்கூட முள்ளோடு வரவில்லை. பதினோரு வருஷமாகத் தொண்டை வறளச் சொன்னது தன் வாயிலிருந்து வந்ததால்தான் ஏறவில்லையா என்று அவளுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். இருந்தாலும் மருத்துவ நிலையத்துக் கட்டிலில் ஒரு மணி நேரம் நன்றாகத் தூங்கினாள்.