குச்சவெளிப் படகுக்கு ஒரு நைலோன் வளையம்

காலை 6.10. குச்சவெளியில் பஸ் ஏறினேன். திருகோணமலைக்கு முப்பத்திநாலு கிலோமீற்றர். ரிக்கற் நூற்றிமுப்பது ரூபா. மடியில் உரப்பை, அதற்குள் என் படகு எஞ்சினின் கியர்ப்பிடியும் அது பூட்டும் தட்டும். பிடிக்குள் இருக்கும் பெருவிரல் அளவு நைலோன் வளையம் வெடித்து, பதினொரு நாளாகப் படகு மணலில் கிடக்கிறது. வளையம் தனியாக வராது, எஞ்சினையே மாற்று என்றான் விற்றவன். வெட்கமில்லாத கதை. வீட்டில் நான்கு பேர் சாப்பிடுவது அந்தப் படகால்.

இறக்கக்கண்டியில் ஏறிய மீன் வியாபாரி பையைத் தட்டிப் பார்த்தார்.

“என்ன, நங்கூரமோ?”

“கியர்ப்பிடி. வளையம் ஒண்டு மெசினில அச்சடிக்கப் போறன்.”

“அப்ப கலியாணக் கார்டும் அடிப்பினமோ?”

பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

8.30. துறைமுகத்துக்குப் பக்கத்தில் அச்சடிக்கும் கடை திறந்தது. நடத்துபவர் கிண்ணியாவைச் சேர்ந்த நஸ்ரின். சின்ன அலுமாரி அளவு மெசின், நைலோன் நூலை உருக்கி மெல்லிய படலங்களாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்குகிறது. வெடித்த துண்டுகளைச் சேர்த்து அளந்து, கணினியில் வரைந்து அடித்தார்.

10.15. புது வளையத்தைப் பிடியில் போட்டேன். இறங்கவில்லை.

“ஒரு பக்கம் தேய்ஞ்சு கிடந்தது அண்ணன். அதைச் சமப்படுத்தித்தான் வரைஞ்சன்.”

“தேயேல்ல தங்கச்சி! நான் அரத்தால ராவினது. பிடி வேற எஞ்சின்ர. எங்கட கரையில எல்லாரும் இப்பிடித்தான் பொருத்துறது.”

“முதல்லயே சொல்லியிருக்கலாமே?”

“நீங்கள் கேக்கேல்லயே!”

“உங்கட கடுகடுத்த முகத்தைப் பாத்தா ஆர் கேப்பாங்க?”

பாதிப் பிழை என்னுடையது.

இம்முறை ராவிய சரிவோடு வரைந்தார். இரும்பிலும் அடிக்கலாமா என்று கேட்டேன்.

“இஞ்ச ஏலாது. வெளிநாட்டில செய்றாங்க. இஞ்சயும் வரும்.”

நைலோன் உப்பிலும் வெயிலிலும் எத்தனை மாதம் நிற்கும் என்பது தனக்குத் தெரியாது என்றார். வியாபாரி ஒருவர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

“உடைஞ்சா ஃபோன் எடுங்க அண்ணன். வரைபடம் இருக்கு. அடிச்சு பஸ்ஸில போட்டு விடுறன்.”

எதிர்காலம் என்று பெரிதாகப் பேசுகிறார்கள். எனக்கு இவ்வளவு போதும். கரைக்குக் கரை இப்படி ஒரு மெசினும், பொருள் எப்படிப் பாவிக்கப்பட்டது என்று கேட்கத் தெரிந்த ஒரு ஆளும்.

12.40. வளையம் இறங்கியது. தட்டில் பூட்டிப் பிடியைத் தள்ளினேன். டக்கென்று விழுந்து நின்றது. பத்துத் தரம் தள்ளிப் பார்த்தேன். விலை இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபா. பிழையாய்ப் போன முதல் வளையத்துக்குக் காசு எடுக்கவில்லை.

1.15 பஸ்ஸில் இருந்து வீட்டுக்கு ஃபோன் எடுத்தேன்.

“சரிவந்ததோ?” என்றாள் மனைவி.

“ஓம். விடியக் கடலுக்குப் போறன்.”

“அங்க ஆரோடயும் சண்டை பிடிக்கேல்லயே?”

“கொஞ்சம்.”

சிரித்தாள். படகு மணலில் ஏறிய பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன்.