நூறு டிகிரியில் விழுந்த கோடு

பொருளைச் சூடேற்றி, எத்தனை டிகிரியில் எவ்வளவு எடை குறைகிறது என்று கோடு போட்டுக் கொடுப்பதுதான் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் என் வேலை. கருவி காட்டுவதைப் படித்துச் சொல்லியே சம்பளம் வாங்கும் அன்பர்களே, எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் நம் கருவிகள் காட்டுவதில்லை.

மடியில் வந்த வில்லை

வசந்தி உளுந்தூர்பேட்டையிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவி. சிலிக்காவையும் பாலிமரையும் திரவமாகவே கலந்து, கூழாக உறையவிட்டு, கண்ணாடி போன்ற வில்லையாக உலர்த்துவாள். கூழ் இருக்கும் கிண்ணத்தின் மூடியில் ஊசித்துளை போட்டு வாரக்கணக்கில் காயவிட வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விட்டுவிடும். அது முந்நூறு டிகிரி வரை தாங்கும் என்று நிரூபித்தால்தான் அவளுக்குப் பட்டம். மூன்று வருட உழைப்பு.

முழு வில்லையோடு வந்தாள். கருவிக்குக் கடுகளவு தூள் போதும், உடைத்துக் கொடு என்றேன். வில்லையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்த ஒடைக்கறதுக்கா சார் உளுந்தூர்பேட்டைலேர்ந்து மடியில வச்சிக்கினு வந்தேன்?"

என் தீர்ப்பு

கடைசியில் ஓரத்தை உடைத்துத் தூளாக்கிக் கொடுத்தாள். கோடு நூறு டிகிரியிலேயே சரிந்தது. "பாலிமர் இங்கேயே போயிடுதும்மா" என்றேன். ஒப்பிட்டுப் பார்க்க, பாலிமர் கலக்காத வெறும் சிலிக்காவையும் ஒரு குப்பியில் கொடுத்திருந்தாள். வரிசையில் ஆட்கள் நின்றதால் அதை நான் சூடேற்றவில்லை.

அவளுடைய பேராசிரியர் தாளை அரை நிமிடம் பார்த்தார். ஆராய்ச்சியிலிருந்து விலகுவதாக எழுதித் தரச் சொன்னார். "டீ கிளாஸே இதவிட ஜாஸ்தி சூடு தாங்கும்மா. லெட்டர ஆபீஸ்ல குடுத்துட்டுப் போ."

மேசை இழுப்பறையில்

பத்து நாள் கழித்து, இழுப்பறையைச் சுத்தம் செய்யும்போது அந்தக் குப்பி கையில் பட்டது. சூடேற்றினேன். வெறும் சிலிக்காவின் கோடும் அதே இடத்தில் சரிந்தது. போனது பாலிமர் அல்ல, உள்ளே தங்கியிருந்த ஈரம். மிச்சமிருந்த அவளுடைய தூளை முதலில் ஒரு மணி நேரம் நூற்றுப்பத்தில் வைத்து உலர்த்தி, பிறகு சூட்டைக் கூட்டினேன். முந்நூறு வரை கோடு அசையவில்லை.

சிலிக்கா ஈரம் குடிக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அன்று என்னைப் பேசவைத்தது கூட்டமா, தீர்ப்புச் சொல்வதில் இருந்த ஏதோ ஒரு சுகமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

கரியாலூரில் அக்கா வீட்டில் இருந்தவளைத் தொலைபேசியில் பிடித்துச் சொன்னேன். "அன்னிக்கே இத்த சொல்லியிருந்தீங்கன்னா, பஸ்ஸுல அழுவாம வூட்டுக்குப் போயிருப்பேன் சார்."

அலுவலகத்தில்

விலகல் கடிதம் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால் பதிவு ரத்தாகிவிடும். படி இறங்கி அலுவலகத்துக்கு ஓடினேன். எழுத்தர் அன்றுதான் விடுப்பு முடிந்து வந்திருந்தார். மேசைமேல் கிடந்த கட்டைப் பிரித்து, அடியிலிருந்து வசந்தியின் கடிதத்தை உருவினார்.

"மச்சான் வூட்ல காது குத்து சார், பத்து நாள் லீவு. இன்னும் மேல அனுப்பல. நான் ஒழுங்கா வேல பாத்திருந்தா அந்தப் பொண்ணு கதி இன்னா ஆயிருக்கும், நீங்களே சொல்லுங்க."

சுறுசுறுப்பாக நான் கெடுத்ததை வேலைக்கே வராமல் அவர் காப்பாற்றினார்; அந்த ஆண்டின் பணித்திறன் அறிக்கையில் 'மிக நன்று' என்று எனக்குத்தான் போட்டிருந்தார்கள்.