நடு ஹாலில் நிற்கும் இரண்டு கதவுகள்

ஸ்பீக்கர் கட்டுகிறவன் பிழைப்பு விசித்திரமானது: ஊருக்கெல்லாம் சத்தத்தை விற்கலாம், சொந்த வீட்டில் மட்டும் வாய் திறக்க முடியாது.

தஞ்சாவூரில் எனக்குச் சின்னதாக ஒரு கடை. மைக்செட்காரர்களுக்குப் பெட்டி அடித்துக் கொடுத்து நிம்மதியாக இருந்தவன், ஒருநாள் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துத் தொலைத்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதைதான். ஓப்பன் பேஃபிள் என்று ஒரு வகை. பெட்டியே கிடையாது. ஒரு பலகை, பலகையில் ஓட்டை, ஓட்டையில் ஸ்பீக்கர், அவ்வளவுதான். முதுகுப்பக்கம் திறந்தே கிடக்கும். முன்னால் வருகிற பாட்டு பின்னாலும் வரும். பெட்டிக்குள் அடைபட்ட உறுமல் இல்லாமல், பாடுகிறவர் எதிரே நின்று பாடுவதுபோல் இருக்கும். வீட்டில் பாட்டுக் கேட்டு வசவு வாங்கும் சக பாவிகளே, அந்த ஆசை உங்களுக்குத்தான் புரியும்.

கதவு

இடித்த வீட்டுக் கதவுப் பலகையில் எனக்கென்று ஒரு ஜோடி செய்தேன். சுவரோடு ஒட்டி வைத்தால் இதன் சத்தம் குழம்பிவிடும். தள்ளித்தான் நிற்க வேண்டும். எங்கள் ஹாலில் சுவரை விட்டுத் தள்ளினால் அது நடு ஹால். ஆக, ஆளுயரத்தில் இரண்டு பலகைகள் வழியை மறித்துக்கொண்டு நின்றன. வருகிறவர்கள் எல்லாம் சுற்றிக்கொண்டுதான் அடுப்படிக்குப் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரர், 'கதவை எப்ப சார் மாட்டப் போறீங்க?' என்று அக்கறையோடு விசாரித்தார்.

என் மனைவி கோமதி ஒரு வாரம் பொறுத்தாள். அவளுடைய தம்பி கீழ்வேளூரில் விவசாயம் செய்கிறான். எங்களுக்கு வருஷச் சாப்பாட்டு நெல் அங்கிருந்துதான் வரும். அந்த மூட்டைகளை அடுக்குகிற இடத்தில்தான் என் பலகைகள் நின்றன. அவள் கெடு வைத்தாள்: "சம்பா அறுத்து நெல்லு வர்றதுக்குள்ள இதை யார் தலையிலயாவது கட்டிடுங்க. இல்லைன்னா வெந்நீர் அடுப்புக்கு வெறகு வாங்க வேண்டியதில்லை."

எலி

விற்க எனக்கு மனமில்லை. இந்த மாதிரி ஸ்பீக்கர் நாலு வீட்டில் நின்றுவிட்டால் நம் வீட்டிலும் மரியாதை வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அந்தச் சமயத்தில் மைக்செட்காரர் ஒருவர் தம் பெட்டி ஸ்பீக்கரைத் தூக்கிவந்தார். 'பேஸ் வரலை, கனத்த சத்தமே இல்லை' என்றார். திறந்து பார்த்தால், காற்றுக்காக விட்டிருந்த துளை வழியாக எலி உள்ளே குடிபோய், ஒரு மரக்கால் நெல்லைச் சேமித்து வைத்திருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பார்த்தீங்களா, பெட்டின்னு இருந்தா எலி வரும். ஓப்பன் பேஃபிளுக்கு அந்தத் தொல்லையே இல்லை!" என்று கடையிலிருந்த எல்லோருக்கும் பிரசங்கம் செய்தேன்.

அதைக் கேட்டு மயங்கியவர், பேராவூரணியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு பெரியவர். அவருக்கும் ஒரு ஜோடி செய்து அனுப்பினேன். பத்து நாள் கழித்து, 'சத்தம் வேற மாதிரி இருக்கு' என்று போன் வந்தது. பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். இரண்டு பலகைகளுக்கும் முதுகில் அழகாகப் பெட்டி அடித்திருந்தது, சந்துகூட விடாமல். நான் பலகைகளைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து அவர் பெருமையோடு சொன்னார்: "பின்பக்கம் மூடாம மறந்துட்டீங்க தம்பி. நீங்கதானே எலி வரும்னு சொன்னீங்க, அதான் நானே ஆசாரியை வச்சு அடைச்சுட்டேன்."

மூட்டை

சம்பா அறுத்தாகிவிட்டது. நெல் வந்து இறங்கியது. நான் பலகைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்து மச்சினனுக்கே பாவமாகப் போய்விட்டது. அவற்றை நகர்த்தாமல், பின்னாலிருந்த சுவரோரமாக மூட்டைகளை அடுக்கிவிட்டான்.

அவன் போனதும் பாட்டைப் போட்டேன். அதுவரை கொஞ்சம் கூச்சலாக இருந்த குரல் பதமாக வந்தது. பின்னால் போய்ச் சுவரில் மோதித் திரும்பிக்கொண்டிருந்த சத்தத்தை நெல் மூட்டைகள் வாங்கிக்கொண்டன. எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. கோமதியைக் கூப்பிட்டு, "இப்பக் கேளு, எப்படி இருக்கு!" என்றேன். அவள் நின்று கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு. அப்ப நெல்லை அவிக்க மூட்டையை எடுக்கிறப்ப மறுபடி கெட்டுப் போயிடும்ல?"

நாற்காலி

மூட்டைகள் வந்ததில் கோமதியின் நாற்காலிக்கு இடம் போயிற்று. வேறு வழியில்லாமல், வலதுபக்கப் பலகையின் விளிம்புக்கு நேரே, பக்கவாட்டில் போட்டுக்கொண்டு செல்போனில் சீரியல் பார்க்க ஆரம்பித்தாள். முணுமுணுப்பு நின்றது. பழகிவிட்டது போலும் என்று நினைத்தேன். கெடு முடிந்தும் பலகைகள் அடுப்புக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

அந்த வாரம் நாகூரிலிருந்து ஒருவர் வீடு தேடி வந்தார். நல்ல காது. உட்கார்ந்து மூன்று பாட்டுக் கேட்டார். வேறு ஜோடி வேண்டாம், இதே ஜோடிதான் வேண்டும் என்றார். என் கைவேலையை மதித்து ஒரு மனிதர் கேட்கிறார். மனம் குளிர்ந்தது, ஆனால் கொடுக்கக் கை வரவில்லை. கெடுவை நினைத்து, "எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கோமதி எழுந்து வந்துவிட்டாள்.

"அது விக்கிறதுக்கு இல்லைங்க. அவரு வேற செஞ்சு தருவாரு."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் என் வேலையை அவள் விட்டுக்கொடுக்காமல் பேசியது அன்றுதான். நாகூர்க்காரர் நெகிழ்ந்துபோய், "உங்களுக்கும் இந்தச் சத்தம் அவ்வளவு பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்டார்.

கோமதி தன் நாற்காலியைக் காட்டினாள். "இதுக்கு முன்ன வீட்டுல இருந்த பெட்டி ஸ்பீக்கர் எந்த மூலைக்குப் போனாலும் தொரத்தும். இது முன்னாடியும் பின்னாடியுந்தான் கத்துது, இப்படிப் பக்கவாட்டுல உக்காந்தா இவரு பாட்டு பாதிகூட காதுல விழலைங்க."

இப்போதெல்லாம் கடைக்குக் கணவன் மனைவியாக வருகிறவர்களிடம், பாட்டுக் கேட்கிற நாற்காலியை ஐயாவுக்கும் கேட்காத நாற்காலியை அம்மாவுக்கும் காட்டித்தான் விற்கிறேன்.