சாவி இருந்த பாக்கெட்

அவன் செய்த தொழிலைச் சொன்னால் கேட்பவர்களுக்குச் சிரிப்புதான் வரும். யாரோ பூட்டிவிட்டு வெளியூர் போன வீட்டின் சாவியை வைத்துக்கொண்டு, அந்த ஒரே வீட்டைப் பல குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டான். இரண்டு குடும்பங்கள் கட்டில், பீரோவோடு ஒரே காலையில் வாசலில் வந்து மோதிக்கொண்டபோது குட்டு உடைந்தது. “ஏமாத்தத் தெரிஞ்சவனுக்குத் தேதி பார்க்கத் தெரியல” என்றாள் அவன் மனைவி, காறித் துப்பாத குறையாக.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். காலையில் மெஷின் முன்னால் குனிந்த தலை மாலையில்தான் நிமிரும். நகக்கண்ணில் ஒட்டிய வெள்ளைப் பசையோடு அவளைக் கோர்ட் படி ஏற வைத்தான் அந்த மனிதன். ஜெயிலுக்குள் போன கொஞ்ச நாளிலேயே அவனுக்குப் பிள்ளைப்பாசம் பொத்துக்கொண்டு வந்திருந்தது. ஒன்பது வயது மகள் தன் அக்காள் வீட்டில் வளர வேண்டும், ஜெயிலுக்குத் தன்னைப் பார்க்க அழைத்து வர வேண்டும் என்று மனுப் போட்டிருந்தான். வெளியே இருந்தபோது மகள் எந்த வகுப்பு என்று கேட்டால் விழித்தவன்.

கோர்ட் வராந்தாவில் நாத்தனார் வழிமறித்தாள். “எங்க வீட்டு ரத்தம் எங்க வீட்லதான் வளரணும்.”

“போன வருஷம் புள்ள காய்ச்சல்ல கிடந்தப்ப அந்த ரத்தம் எந்தப் பக்கம் ஓடிச்சு அண்ணி?”

நாத்தனார் விறுவிறுவென்று கோர்ட்டுக்குள் போய்விட்டாள்.

“புள்ளையை அவர் பார்க்கவே கூடாதுன்னு கேட்டுடலாமா?” என்றார் இவளுடைய வக்கீல்.

“வேணாம் சார். நான் தடுத்தா அவ மனசுல அவர் பெரிய ஆளாயிடுவார். பாக்கட்டும். நுணலும் தன் வாயால் கெடும்.”

பிள்ளை அம்மாவிடம், மாதம் ஒருமுறை அப்பாவைப் பார்க்கலாம் என்று தீர்ப்பானது.

ஜெயிலின் சந்திப்பு அறையில் நடுவே கண்ணாடித் தடுப்பு, இரு பக்கமும் ரிசீவர். எத்தனையோ பேர் கை வைத்துக் கண்ணாடி மங்கிப் போயிருந்தது. துணியெடுத்துத் துடைக்கப் பரபரத்த கையை அவள் அடக்கிக்கொண்டாள். அந்தப் பக்கம் அவன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தான்.

“இங்க அப்பாவைக் கேக்காம ஒரு துரும்பு அசையாதுடா! அதிகாரியே யோசனை கேக்கறார்.”

மகள் வாயைத் திறந்து, பல் விழுந்த இடத்தைக் காட்டினாள். அவன் தன் அப்பீலைப் பற்றிப் பேசிக்கொண்டே போனான்.

சில மாதம் கழித்து ஒரு நாள், மனைவியைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மகளிடம் தனியாகப் பேசினான். திரும்பும் பஸ்ஸில் சிறுமி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“அம்மா, அப்பா ஜட்ஜ்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு.”

“என்னவாம்?”

“அந்த வீட்டுச் சாவி உன் ஹேண்ட்பேக்ல இருந்துச்சாம். நான் பாத்தேன்னு சொல்லணுமாம். சொன்னா சீக்கிரம் வந்துடுவாராம்.”

இதுவரை அவனை ஒரு கோமாளி என்று நினைத்துத்தான் இளக்காரம் செய்திருந்தாள். இவன் கோமாளி இல்லை. பெற்ற மகளின் நாக்கையே கடன் கேட்கிறானே! குரலை மாற்றாமல், “நீ என்ன சொன்ன?” என்றாள்.

“உங்க பேன்ட் பாக்கெட்லதானே இருந்துச்சு, சாக்லேட் தேடறப்ப என் கையில குத்துச்சேன்னேன். போனை டொக்குனு வச்சுட்டாரு.”

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள்.

“அப்பா பொய் சொல்றாராம்மா?”

மகள் முன்னால் அவள் இதுவரை அவனைக் குறை சொன்னதில்லை.

“ஆமா” என்றாள்.

அவள் வக்கீல் மூலம் மனுப் போட்டாள். விசாரணையில் நீதிபதி சிறுமியைத் தன் அறைக்கு அழைத்துப் பேசினார். மகளுக்கு விருப்பமிருந்தால் மட்டும் சந்திப்பு, பக்கத்தில் ஒரு பெண் அதிகாரி உட்கார வேண்டும் என்று உத்தரவு மாறியது. பல மாதம் மகள் போகவில்லை. திடீரென்று ஒரு நாள், “போய்ப் பாத்துட்டு வரலாம்மா” என்றாள். தாய் பல்லைக் கடித்துக்கொண்டு கூட்டிப் போனாள். அப்பன் என்ற பட்டம் இவள் கொடுத்ததில்லையே, பறிப்பதற்கு.

அவன் வெளியே வந்தபோது மகள் அவன் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தாள். ஜெயிலுக்குள் இருந்தபடியே பெண்ணை ஆளாக்கினேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். கடைக்கு வந்த ஒருவர் அதைச் சொன்னபோது அவள் மெஷினை நிறுத்தவில்லை.

“ஆளாக்கினாரு, வாயாலயே.”

மகள் எப்போதாவது டீக்கடையில் அவனைச் சந்திக்கிறாள். அவன் பேசுகிறான். டீ ஆறுவதற்குள் அவள் எழுந்து வந்துவிடுகிறாள்.